தொண்டைமானாற்று உப்பில் ஒரு படம்

1992 பங்குனி. கோப்பாயிலிருந்து காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். பின் கரியரில் மரப்பெட்டிக் கமராவும் மருந்துப் போத்தல்களும் தாளும் அச்சுச் சட்டமும். வீட்டில் இன்னும் இரண்டு கமராக்கள் உண்டு, பிலிம்தான் இல்லை. மின்சாரம் நின்று இரண்டு வருடமாகப் போகிறது. படம் பெருப்பிக்கும் கருவியும் சும்மா கிடக்கிறது. மரப்பெட்டிக்கு ஒரு கண்ணாடித் தட்டும் வெயிலும் போதும். உப்புநீரில் ஊறிய தாளில் வெள்ளி நைத்திரேற்றுப் பூசி, எடுத்த தட்டை அதன்மேல் வைத்து வெயில் காட்டினால் படம் கபில நிறத்தில் மெல்ல எழுந்து வரும். எத்தனை அச்சு முறை பழகியும் எனக்கு இதிலேதான் பெரிய ஆசை.

மிஞ்சியிருந்தது ஒரே தட்டு. நீரேரி கடலோடு சேரும் இடத்தை எடுப்பதாக எண்ணம்.

நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி. பதினைந்து கிலோமீற்றருக்குக் கிட்ட. ஏழேகாலுக்குத் தொண்டைமானாற்றுக் கரையில் முக்காலியை விரித்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மனோன்மணி என்ற பெண் கிட்ட வந்தாள்.

"தம்பி, இவரை ஒரு படம் எடுத்துத் தாறியளோ? கடலுக்குப் போற மனுசன். வீட்டிலை ஒரு படமும் இல்லை."

படகருகே நின்ற அவள் கணவர் நடராசா கையை வீசினார். "எனக்கு வேண்டாம். செத்தவையைத்தான் படம் எடுத்துச் சுவரிலை கொழுவுறவை."

"இஞ்சரப்பா, அப்ப நானும் பக்கத்திலை நிக்கிறன். ரெண்டு பேரும் செத்தவையே?"

அவர் சிரித்துவிட்டார். நான் நீரேரியை ஒருமுறை பார்த்தேன். பிறகு கமராவை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

எட்டரைக்கு அவர்களுடைய குசினியை இருட்டாக்கித் தட்டை மருந்தில் கழுவினேன். அது காய்வதற்குள் நீரேரித் தண்ணீரில் தாளை ஊறவைத்து, உலர்த்தி, வெள்ளி நைத்திரேற்றுப் பூசினேன். தட்டையும் தாளையும் சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்து, பதினொரு மணிக்கு அதன் பின்பக்கத்தைத் திறந்து காட்டினேன். முதலில் சேலைக் கரை, பிறகு இரண்டு முகங்கள்.

"எங்கடை உப்பிலையோ இது வருது?" என்றாள்.

"ஓம். ஆனால் மருந்திலை போட்டு எடுத்தாப் பிறகு நல்ல தண்ணியிலை கனநேரம் அலச வேணும். இல்லாட்டி மங்கிப்போகும்."

வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணீர்க் கிணறு கால் கிலோமீற்றர் தள்ளி. நடராசா இரண்டு வாளிகளைத் தூக்கினார். ஒன்பது நடை நடந்தார். போதும் என்றேன்.

"மனுசியின்ரை முகமெல்லோ தம்பி" என்று சொல்லிப் பத்தாம் நடைக்கும் போனார்.

பின்னேரம் நான்கு மணிக்குப் படத்தை மனோன்மணியிடம் கொடுத்து விடைபெற்றேன். நீரேரியை எடுக்கவில்லை என்பது அச்சுவேலி தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.