மச்சான் ஓட்டிய வாடகைப் பிளஷர்

வெளிநாட்டில் போய் வாடகைக்கு வண்டி எடுத்துத் திண்டாடிய கதையை யாராவது சொன்னால் எனக்கு எங்கள் மச்சான் ஞாபகம்தான் வரும். அவருக்கு வெளிநாடு எது தெரியுமா? நம்ம திண்டுக்கல்தான்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணமான கையோடு மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர். அங்கே அவர்களுக்கு மளிகைக் கடை. ஐம்பதுகளின் நடுவில் அவருடைய ஒரே மகன், அங்கேயே பிறந்து வளர்ந்தவர், எங்கள் ஊர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். அதுவரை நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. பெண் பார்க்க ஒரு படமாவது அனுப்பச் சொல்லி அப்பா கேட்டிருந்தார். "படம் எதுக்கு, ஆளையே அனுப்புறேன். நம்ம பக்கத்துப் பொண்ணா பாத்து முடிச்சு வைங்கண்ணே" என்று அத்தை சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு இது வெறும் கல்யாணப் பேச்சு இல்லை. "இவனுக்கு இங்க ஒரு பொண்ணு அமைஞ்சாத்தான்டா என் தங்கச்சி திரும்ப இந்த மண்ணை மிதிப்பா. இல்லைன்னா அம்புட்டுத்தான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம். செத்தாப் பொழைச்சாச் சேதி வரும்" என்று என்னிடம் சொன்னார். மச்சானுக்குத் திரும்பும் கப்பலும் ஏற்பாடாகி இருந்தது. கன்னிவாடிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு விவசாயச் சம்சாரி வீட்டில் பெண் இருக்கிறது என்று தெரிந்து, நாள் குறித்தாயிற்று. கடைசி நேரத்தில் அப்பாவுக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. தரையில் ஊன்ற முடியவில்லை. "நீ கூட்டிட்டுப் போ. மானத்தைக் காப்பாத்திக் குடு" என்று என் தலையில் கட்டினார். எனக்கு அப்போது மீசை சரியாக முளைத்துச் சில வருஷம்கூட ஆகியிருக்காது.

மலேயா மாப்பிள்ளை பஸ்ஸில் போய் இறங்கினால் நன்றாக இருக்குமா? வாடகைப் பிளஷர் எடுப்பது என்று முடிவாயிற்று. அந்தக் காலத்தில் காரைப் பிளஷர் என்றுதான் சொல்வோம். எங்கள் தெருவில் யாரும் அதுவரை அதை வாடகைக்கு எடுத்ததில்லை. புகையிலைக் குடோனுக்குப் பின்னால் ஒருவர் கல்யாணங்களுக்கென்றே ஒரு கறுப்பு வண்டி வைத்திருந்தார். மச்சானை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

மச்சான் வண்டியைச் சுற்றி வந்தார், டயரைக் காலால் தட்டினார். பிறகு, "சாவியைக் குடுங்க. சாயங்காலம் கொண்டாந்து விட்டுடுறேன்" என்றார்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "என்ன தம்பி சொல்றாரு இவரு?"

"அவரே ஓட்டுவாராம்ணே."

"வண்டியை மட்டும் குடுக்கிறதா? நல்ல கதையா இருக்கே. அண்டாவை வாடகைக்குக் கேக்குற மாதிரியில்ல கேக்குறாரு! எங்க வண்டிக்கு டிரைவரும் ஒரு சாமான்தான் தம்பி. கழட்டிக் குடுக்க முடியாது."

மச்சானுக்குப் புரியவே இல்லை. அங்கே தெரிந்தவர்களிடம் வண்டியை வாங்கித் தானே ஓட்டிப் போவாராம், கடை வேனும் அவர் கையில்தானாம். லைசென்ஸை எடுத்து நீட்டினார். வண்டிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடல் தாண்டுன லைசென்சு நம்ம மாட்டு வண்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நெடுநேரம் பேசி ஒரு வழிக்கு வந்தோம். மச்சான் ஓட்டலாம், ஆனால் டிரைவர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நான்தான் பொறுப்பு. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

புறப்படும் நாள் காலையில் டிரைவர் பட்டுக்கரை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வந்து நின்றார். நரைத்த முறுக்கு மீசை வேறு. "ஸ்டேரிங்தான் நம்ம கையில இல்லையே, நாமளும் ஒருநாளு துரை மாதிரி போவோம்" என்று சிரித்தார். மச்சானோ காக்கிக் கால்சட்டையும் பை வைத்த சட்டையும் மாட்டியிருந்தார். அம்மா புது வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள்.

"வேட்டி கட்டிக்கிட்டுக் கிளட்சு மிதிக்க வராது அத்தே. ஊருக்கு முன்னால நிறுத்தி மாத்திக்கிறேன்."

வேட்டி மஞ்சள் பைக்குள் போய், பை என் மடிக்கு வந்தது. அம்மா அந்தப் பதற்றத்தில் என் நெற்றியில் சந்தனத்தை அப்பிவிட்டாள். அப்பா கட்டிலில் இருந்தபடியே மச்சானுக்குப் புத்தி சொன்னார். "அவுக என்ன சொன்னாலும் சரின்னு கேட்டுக்கப்பா. நம்ம பக்கத்து ஆளுக மருவாதி பாப்பாக. ஏன், எதுக்குன்னு கேக்காத. எல்லாம் நம்ம வழக்கம்னு நினைச்சுக்க."

"சரி மாமா" என்றார் மச்சான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

கிளம்பும்போது டிரைவர் திடீரென்று இறங்கினார். "மூணு பேராப் போகக் கூடாது. அதுவும் நல்ல காரியத்துக்கு." சுவரோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்துத் துடைத்து, பின் சீட்டுக்குக் கீழே என் காலடியில் வைத்தார். "இப்ப நாலு பேரு. நீங்க எடுங்க வண்டியை."

மச்சான் நன்றாகத்தான் ஓட்டினார். நான்தான் நன்றாக உட்காரவில்லை. எதிரே வண்டி மாடு வந்தால் நான் பல்லைக் கடித்தேன், ஆடு குறுக்கே வந்தால் கல்லை மிதித்தேன், பிரேக் என்று நினைத்துக்கொண்டு. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மச்சான் சடாரென்று நிறுத்திவிட்டார். ரோடு முழுக்கக் கொள்ளுச்செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

"யாரோ விளைச்சலைப் போட்டிருக்காங்க. இது மேல எப்படிப் போறது?"

டிரைவர் பதில் சொல்வதற்குள் ஓரத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி கத்தினாள். "ஏலே, ஏறி ஓட்டுப்பா! சக்கரம் ஏறுனாத்தான மணி உதிரும்! அதுக்குத்தான போட்டிருக்கோம்! இம்புட்டு நேரம் கழிச்சு ஒரு பிளஷர் வருது, அதையும் நிறுத்திப்புட்டு நிக்கிறான் பாரு!"

மச்சானுக்கு மனசே வரவில்லை. இறங்கி அந்த அம்மாளிடம் இரண்டு தடவை கேட்டு, ஆமை மாதிரி ஏற்றினார். அதன் பிறகும் அங்கங்கே ரோட்டில் களம். ஒவ்வொரு களத்திலும் அவர் நிறுத்த, அவர்கள் திட்ட, வெயில் ஏறிவிட்டது. பெண் வீட்டார் ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வேட்டி மாற்ற நிறுத்தினால் அதுவும் தவறிப்போகும். "நேரா விடுங்க மச்சான், அங்க போய் மாத்திக்கலாம்" என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

பெண் வீட்டு வாசலில் பந்தல் போடாத குறைதான், அவ்வளவு கூட்டம். வண்டி நின்றதும் பெண்ணின் அப்பா ஓடி வந்து பின்கதவைத் திறந்தார். சந்தனமும் ஜிப்பாவுமாக நான் இறங்கினேன். முன்பக்கம் இடது கதவு வழியாக மீசையும் அங்கவஸ்திரமுமாக டிரைவர் இறங்கினார். ஸ்டேரிங்கில் காக்கி உடுப்போடு இருந்தவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! பெரியவரும் வாங்க!" என்று எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க, மாப்பிள்ளை வந்து..."

"மாப்பிள்ளைக்கு வெக்கத்தைப் பாரு!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அதற்குள் எங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஜமுக்காளத்தில் உட்கார வைத்தாயிற்று. என் முன்னால் பலகாரத் தட்டு. வெளியே வண்டி புறப்படும் சத்தம் கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வண்டி எங்க போகுது?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. செம்பட்டியில எங்க மதினி இருக்காக, பொண்ணுக்குப் பெரியம்மா. அவுக வராம இந்த வீட்டுல ஒரு காரியமும் நடக்காது. பஸ்ஸு இன்னும் வரல. அதான் உங்க டிரைவரை ஒரு எட்டுப் போயிக் கூட்டியாரச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமப் போயிட்டாரு. தங்கமான ஆளு!"

அப்பா சொல்லி அனுப்பியதை மச்சான் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். டிரைவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வண்டி அவர் கண்ணை விட்டுப் போய்விட்டதே.

"சொல்லிடவா?" என்றேன் மெதுவாக.

"வாயைத் தொறக்காதீக தம்பி. இம்புட்டுப் பேருக்கு முன்னால மாப்பிள்ளையை வேலைக்கு அனுப்பிட்டீகன்னு சொன்னா அந்த மனுசன் என்ன ஆவாரு? அவுக திரும்பி வரட்டும். காதும் காதும் வச்சாப்புல மாத்திக்கலாம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் உட்கார முடியவில்லை. அவருக்குச் செம்பட்டிக்கு வழி தெரியுமா? ரோட்டில் களம் கண்ட இடமெல்லாம் நிறுத்தினால் எப்போது வருவார்? எங்காவது முட்டிவிட்டால் அத்தைக்கு என்ன பதில் சொல்வது, வண்டிக்காரருக்கு என்ன பதில் சொல்வது? கேசரி வாயில் மண்ணாக இருந்தது. பெண்கள் கதவிடுக்கில் என்னைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை என்ன இப்படி வேர்த்து வடியிறாரு?" என்று கிசுகிசுத்தார்கள்.

பெண்ணின் அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். கடைசியில், "ராகு காலம் வந்துரும். மதினி வரும்போது வரட்டும். புள்ளையக் கூட்டியாங்க, மாப்பிள்ளை பாக்கட்டும்" என்றார்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு பெண் வந்து நின்று, இவன்தான் என்று என்னை நினைத்து நமஸ்காரம் பண்ணிவிட்டால் அப்புறம் அதை எப்படித் துடைப்பது? எழுந்து நின்றேன்.

"கூப்பிடாதீங்க. நான் மாப்பிள்ளை இல்லீங்க."

பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்தார்.

"அப்ப மாப்பிள்ளை எங்க?"

"நீங்கதாங்க செம்பட்டிக்கு அனுப்பி வச்சிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், "அப்ப இவரு?" என்று டிரைவரைக் காட்டினார். "நான்தாய்யா டிரைவரு" என்றார் அவர், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "காக்கியைப் போட்டுக்கிட்டு ஸ்டேரிங்கைப் பிடிச்சு வந்தா எவனுக்குத் தெரியும்?" என்று ஒரு பங்காளி முணுமுணுத்தார்.

பெண்ணின் அப்பா அப்படியே தூணோரம் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "வாசல்ல வந்த மாப்பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல. கூலி ஆளை ஏவுற மாதிரி ஏவிப்புட்டேன். கடலுக்கு அங்கிட்டு இருக்கிற அந்தம்மா கேட்டா காறித் துப்பாதா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சம்பந்தம் பேசுறது? வேணாம் தம்பி. இது அமையாது. நீங்க சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

நான் என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அப்பாவின் காலும், கட்டிலும், 'அம்புட்டுத்தான்' என்று அவர் சொன்ன குரலும் என் முன்னால் வந்து நின்றன.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். வண்டி புழுதியோடு வந்து நின்றது. முன் சீட்டில், மச்சானுக்குப் பக்கத்தில், கனத்த உடம்போடு ஒரு அம்மாள். இறங்கும்போதே சத்தம்.

"என்ன எல்லாரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீக? ஏன் கொழுந்தனாரே, மாப்பிள்ளையை அனுப்பி என்னைக் கூட்டியாரச் சொல்லியிருக்கீகளே, இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"மதினி, தெரியாம..."

"பாதி தூரம் பின்னாலதான் உக்காந்து வந்தேன். டிரைவரு தம்பி, நீ கூட்டியாந்த மாப்பிள்ளை எப்படி, குடிகிடி உண்டான்னு கேட்டேன். 'அதை நானே எப்படிங்க சொல்றது, நீங்கதான் பாத்துச் சொல்லணும்'னாரு. என்னடா இதுன்னு வண்டியை நிறுத்தச் சொல்லி முன்னால வந்து உக்காந்தேன். அம்மா பேரு, கடை, கப்பல், பெறந்த நட்சத்திரம், அம்புட்டும் கேட்டுப்புட்டேன். ரோட்டுல கொள்ளு கிடந்தா இறங்கிக் கேட்டுட்டு ஏத்துற புள்ளையப்பா இது! நீங்க பலகாரத்தை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பாத்தாலும் இம்புட்டு தெரியுமா உங்களுக்கு?"

மச்சான் வேர்த்துப்போய், ஒன்றும் புரியாமல், வண்டிப் பக்கத்திலேயே நின்றார். "நான் ஏதும் தப்பாச் செஞ்சுட்டேனா? இதுதான் வழக்கம்னு நினைச்சேன்" என்று என்னிடம் கேட்டார். பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்தார். அவர் கண்ணில் நீர் வந்தது.

அந்த நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "வெயில்ல ஓட்டிட்டு வந்திருக்காக. முதல்ல தண்ணி குடுங்கம்மா."

பெரியம்மா சிரித்தார். "கேட்டுச்சா? இனிமே ராகு காலம் வந்தா வந்துட்டுப் போகுது. அது முடியட்டும், செத்த நேரம் இருந்து சாப்பிட்டுட்டுப் பாப்போம்."

மச்சான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் வேட்டிக்கு மாறி வந்தார். கட்டத் தெரியாமல் கட்டி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் பெண்ணைப் பார்த்தார்.

திரும்பும்போது டிரைவர், "போதும்ங்க, ஒருநாளைக்கு இம்புட்டுத் தாங்காது" என்று ஸ்டேரிங்கைப் பிடுங்கிக்கொண்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கீறல் இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. ஏறப் போனபோது பெரியம்மா வெற்றிலைத் தட்டோடு வந்து பின்கதவைத் திறந்தார்.

"நானும் திண்டுக்கல்லுக்கு வாரேன். கால்ல முள் குத்திக் கிடக்கிற மனுசன் எத்தனை நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு? நானே அவருக்கிட்டச் சொல்லி, நாளும் பேசிட்டு வந்துர்றேன்."

டிரைவர் இறங்கி வந்தார். என் காலடியில் கிடந்த கல்லை எடுத்து வேலி ஓரத்தில் பத்திரமாக வைத்தார்.

"இனி இது வேண்டாம் தம்பி. நாலாவது ஆள் ஏறியாச்சு."