பின்னால் போன அக்கா

சினிமாவில் நான் டான்ஸ் மாஸ்டர். கையில் மைக் வந்தால் வாய் நிற்காது. திட்டாமல் ஒரு பாட்டையும் முடித்ததில்லை.

காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு வயலில் நடவுப் பாட்டு எடுத்தோம். டான்ஸர்களோடு உள்ளூர்ப் பெண்களும் நின்றார்கள். நாற்றை ஊன்றி நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து ஓரடி முன்னால் வரவேண்டும். எல்லோரும் வந்தார்கள். ஒரு அக்கா மட்டும் ஒவ்வொரு டேக்கிலும் பின்னால் போனார்.

"ஏம்மா, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று மைக்கில் கத்தினேன். யூனிட்டே சிரித்தது.

அவர் சேற்றில் நடந்து என் பக்கத்தில் வந்தார். யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். முன்னால வந்தா நட்டதையே மிதிச்சிடுவோம். அவுங்க காலடியைப் பாருங்க."

பார்த்தேன். நட்ட நாற்றெல்லாம் நசுங்கிக் கிடந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா. எங்கம்மாவும் நடவுக்குப் போனவங்கதான். எனக்கே மறந்துபோச்சு" என்றேன். மைக் ஆனில் இருந்தது. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை யூனிட் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டெப்பை மாற்றி, கேமராவை அவர்களுக்குப் பின்னால் வரப்பில் வைத்தோம். குனிந்த முதுகுகள் மெல்ல மெல்ல என்னை நோக்கி வந்தன.

சின்ன வயதில் இப்படித்தான் வரப்பில் உட்கார்ந்து காத்திருப்பேன். அம்மாவின் முகம் தெரியாது. முதுகுதான் முதலில் என்னிடம் வந்து சேரும்.