கன்னியப்பன் திருப்பி வெட்டிய மரை

எங்கள் காட்டுப்பாக்கத்துக் கூலிக்காரத் தெருவில் ஐடிஐ படித்த முதல் ஆள் என் கொழுந்தன் கன்னியப்பன். லேத் மெஷினில் இரும்பு கடையும் டர்னர் படிப்பு. படித்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை நிச்சயம் என்றார்கள். அறுபத்தேழில் அவன் முடித்து வந்தபோதோ ஆர்டர் இல்லையென்று கம்பெனிகள் இருந்த ஆளையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

ஒரு போல்ட்டு கம்பெனியில் மட்டும் டிரேடு டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். வேலை கேட்டு வருகிறவன் லேத்தில் நின்று கடைந்து காட்ட வேண்டும். அது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் போர்மேன் கஜபதி காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் விடுவான். "கை நல்லா கீது தம்பி, அடுத்த வாரம் வா" என்பான். இவனும் போவான், கூடை நிறையக் கடைவான், வெறுங்கையோடு வருவான்.

ஒருநாள் தான் கடைந்த போல்ட்டுகள் லாரியில் ஏறுவதைப் பார்த்துவிட்டான். டீக்கடையில் விசாரித்தால், கூடப் படித்த சுலைமானுக்கும் இதே கதை. எல்லாம் தன் மச்சான் செய்ததென்று முதலாளியிடம் சொல்லி, மச்சானுக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்திருக்கிறான் கஜபதி.

கன்னியப்பன் வீட்டுக்கு வந்து அழுதான். "நீ இன்னாத்துக்கு அழுவுற நைனா? அவன அழவுடு" என்றேன்.

"இனிமே போவ வேணாம் மாமே" என்றானாம் சுலைமான்.

"நாம போவலன்னா வேற எவனாச்சும் வந்து ஏமாறுவான். போவோம். மரைய திருப்பி வெட்டுவோம்" என்றான் கன்னியப்பன்.

மரை என்பது போல்ட்டில் நட்டு ஏறும் புரி; வலப்பக்கம் திருகினால் இறுகும். இவர்கள் இடப்பக்கம் இறுகும்படி மரை வெட்டினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, நட்டு ஏறாது. ஓசியில் வருவதைக் கஜபதி சோதித்தா பார்ப்பான்? பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. செய்ததாகச் சம்பளம் வாங்கிய மச்சானை முதலாளி பிடித்துக்கொண்டார்.

கஜபதி சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். "டெஸ்ட்ல நீ கடைஞ்சது சரக்கோட கலந்து பூடுச்சின்னு மொதலாளியாண்ட சொல்லுப்பா. நாளைக்கே பர்மனெண்டு வேலை."

என் மாமியார் அவனுக்குக் காப்பி போட ஓடினாள். கன்னியப்பன் என்னைப் பார்த்தான்.

"வர்றேன் சார். வந்து, உன் மச்சான் ஒரு நாளாச்சும் லேத்த தொட்டானான்னு மொதலாளியாண்டயே கேக்குறேன்."

போய்க் கேட்டும்விட்டான். போர்மேனும் மச்சானும் ஒன்றாக வெளியே போனார்கள். சரக்கைக் கெடுத்தவன் என்று கன்னியப்பனுக்கும் எஸ்டேட்டில் ஒரு கேட்டும் திறக்கவில்லை. பூந்தமல்லி லாரி ஷெட்டில் கிரீஸ் தடவினான்.

கஜபதியை வெளியே தள்ளிய அன்று நான் கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். வந்த வேலையைத் தொலைத்தோமென்று மாமியார் தட்டைத் தள்ளிவிட்டாள். அவள் பங்கையும் நானும் கன்னியப்பனுமே போட்டுக்கொண்டோம்.