தோளில் துண்டு ஏறினால்தான் ஞாபகம்

அந்த ஹோட்டலில் அவருக்குப் பெயர் கம்ப்யூட்டர். பதினாறு மேஜை, அறுபத்து நாலு நாற்காலி. அவர் கையில் பேப்பரும் கிடையாது, பேனாவும் கிடையாது. ஒரே மூச்சில் இருபது பேரிடம் ஆர்டர் வாங்குவார். சமையல்கட்டு ஜன்னலில் தலையை நீட்டி, "ஏழாம் நம்பர்ல ரெண்டு ஆம்லெட், ஒண்ணுல வெங்காயம் வேணாம். எட்டுல மூணு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி, ஒண்ணு நல்லா ஆத்தி" என்று கடகடவென்று ஒப்பிப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சூப் குடித்துவிட்டுப் போன ஆள் மறுபடி வாசலில் தலை காட்டினால் போதும், "வாங்க சார், மிளகு தூக்கலா, அதேதானே?" என்பார். வந்தவர் மிரண்டுபோய்ச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

இந்த வித்தையெல்லாம் ஹோட்டலுக்குள்தான். தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து ஆணியில் மாட்டினாரென்றால், மூளையும் கூடவே அந்த ஆணியில் தொங்கிவிடும். சோப்பு வாங்கிவரச் சொன்னால் சீப்போடு வந்து நிற்பார். ஒரு நாள் மூன்றாவது மாடியில் இருக்கிற தன் வீட்டைத் தாண்டி மொட்டை மாடிக்கே ஏறிப் போய், வீட்டுக் கதவைத் தேடித் தண்ணீர்த் தொட்டியை மூன்று சுற்று சுற்றி வந்திருக்கிறார். அன்றிலிருந்து மனைவி அவருக்கு வைத்த பெயர், கரண்ட் போன கம்ப்யூட்டர்.

மகள் அப்பனுக்கு ஒரு படி மேல். வயசு ஒன்பது, வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். அந்த வருஷம் மட்டும் பள்ளிக்கூடத்தில் ஏழு தண்ணி பாட்டில், மூன்று டிபன் பாக்ஸ் மூடி, ஒரு செருப்பு தொலைத்திருந்தாள். ஒரே ஒரு செருப்பு. இன்னொன்றைப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தவளுக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று இன்றுவரைக்கும் யாராலும் விளக்க முடியவில்லை.

"உங்க ரத்தம்தானே, வேற எப்படி இருக்கும்?" என்றாள் மனைவி.

கம்ப்யூட்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என் பொண்ணையா சொல்ற? ஒரே மாசம்! ஊரையே ஒப்பிக்க வைக்கிறேன் பாரு."

அன்றைக்கே ஆட்டம் தொடங்கியது. வீட்டு ட்ரேயில் பத்துச் சாமான் வைப்பார். குட்டி ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். அப்புறம் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவர் ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டு, மிச்சத்தைக் காட்டி, எது காணோம் என்று கேட்பார்.

முதல் நாள் குட்டிக்கு ட்ரேயே காணாமல் போனாலும் தெரியாது போலிருந்தது.

"சாமானை மட்டும் பாக்காத குட்டி. ஒவ்வொண்ணையும் ஒரு ஆள்கிட்ட குடுத்துடு. நான் அப்படித்தான், ஆர்டரை மூஞ்சியில ஒட்டிடுவேன். சீப்பை யாருக்குக் குடுப்ப?"

"எங்க ஹெட்மாஸ்டருக்கு. அவருக்குத்தான் முடியே இல்ல."

"சபாஷ்! வெங்காயம்?"

"கணக்கு டீச்சருக்கு. அவங்க ஒருத்தர்தான் உரிப்பாங்க, நாங்க நாப்பது பேரும் அழுவோம்."

கம்ப்யூட்டர் சிரித்த சிரிப்பில் ட்ரே கவிழ்ந்து வெங்காயம் கட்டிலுக்கு அடியில் ஓடியது. ரெண்டே வாரத்தில் குட்டி பத்துக்கு ஒன்பது சொல்ல ஆரம்பித்தாள். அப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஹோட்டலில் சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் ஆர்டரோடு சேர்த்து மகள் பெருமையையும் பரிமாறினார்.

வினை ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வந்தது. ட்ரேயில் ஒன்பது சாமான்தான் இருந்தது, ஒன்று குறைந்தது. கம்ப்யூட்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சாவி பளபளவென்று தொங்கியது. அது அவர் மனைவி வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் சாவி. தினமும் எட்டரைக்குக் கதவைத் திறந்து, கூட்டித் துடைத்து, டோக்கன் போடுவது அவள் வேலை. சாவி ட்ரேயில் ஏறியது. குட்டி சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவர் சாவியைக் கையில் எடுத்தார்.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் பக்கத்து வீட்டு மீசைக்காரர் நின்றார். "தம்பி, வீட்டுக்காரி அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. டிவியில மேட்ச் ஓடுது. ஒரு டீ போட்டுக் குடுத்தீங்கன்னா அப்படியே எடுத்துட்டு ஓடிடுவேன்."

டீ போனது. மீசைக்காரர் போனார். குட்டியை அம்மா குளிக்க இழுத்துப் போனாள். ஆட்டம் அத்தோடு கலைந்தது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு ஆணி மட்டும் இருந்தது.

"ஏங்க, சாவி எங்க?"

"எந்தச் சாவி?"

அந்த ஒரு பதிலிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "ஆஸ்பத்திரிச் சாவிங்க! ரெண்டு தடவை லேட்டாத் திறந்தாச்சு. மூணாவது தடவை ஆச்சுன்னா வேற ஆள் போட்டுடுவேன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. இன்னொரு சாவி அவர்கிட்டத்தான் இருக்கு. அவரையே கூப்பிட்டுக் கேக்கறதுக்கு நானே வேலைய விட்டுட்டு வந்துடலாம்."

கம்ப்யூட்டர் மகள் பக்கம் பாய்ந்தார். "குட்டி, நேத்து ட்ரேயில எது காணோம்?"

"சாவி."

"சரியான பதில்!" என்று கை தட்டிவிட்டார், பாவம், பழக்க தோஷம். மனைவி பார்த்த பார்வையில் தட்டிய கை பாதியிலேயே உறைந்து நின்றது.

அப்புறம் அந்த வீட்டில் நடந்தது தேடல் இல்லை, பூகம்பம். மெத்தை சுவரேறியது. அரிசி டப்பா தரையில் கவிழ்ந்தது. சத்தம் கேட்டு மீசைக்காரரும் ஓடி வந்தார். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, அன்றைக்கு ஓடிப்போன வெங்காயத்தை முளைவிட்ட கோலத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

"கொஞ்சம் யோசிங்களேன்! கையில எடுத்தீங்க. அப்புறம்?"

"அப்புறம்... அப்புறம்தான் ஒண்ணுமே வரலியே!" அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். தட்டத் தட்ட உள்ளே இருந்ததும் கொட்டிப்போனது போலிருந்தது. மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணி எட்டு.

இத்தனை நேரமும் குட்டி அப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று போய்க் கொடியில் கிடந்த துண்டை உருவி அவர் தோளில் போட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜையைப் படாரென்று தட்டினாள்.

"சர்வர்!"

"சொல்லுங்கம்மா!" கம்ப்யூட்டரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"நேத்து சாயந்திரம் இங்க யார் யார் வந்தாங்க, என்னென்ன எடுத்தாங்க?"

"ஜன்னலோரம் ஒரு பாப்பா, பால் ஒண்ணு, ஆடையை எடுத்துட்டு. அடுப்புப் பக்கம் ஒரு அம்மா, கடுங்காப்பி, கூடவே ரெண்டு திட்டு. வாசல்ல மீசை வெச்ச பெரியவர், டீ ஒண்ணு, பார்சல் மாதிரி. சர்க்கரை அரை ஸ்பூன், கப்பு சாஸரோட சின்னத் தட்டுல வெச்சுக் குடுத்தேன், அப்புறம் பில்லை..." நிறுத்தினார்.

"பில்லை?"

"பில்லை எப்பவும் போல சாஸருக்கு அடியில..." அவர் கண்கள் ஆம்லெட் மாதிரி விரிந்தன. "பில்லு ஏது வீட்டுல? கையில இருந்தது சாவி!"

எல்லோரும் ஒரே நேரத்தில் மீசைக்காரரைப் பார்த்தார்கள். அவர் தலையில் ஒரு ஒட்டடை, கையில் முளைவிட்ட வெங்காயம்.

"ஐயையோ, அந்தத் தட்டு இன்னும் டிவி பக்கத்துலயே கிடக்கும்மா! அவ ஊர்ல இல்லியா, நான் கழுவல!"

அவருடைய சோம்பேறித்தனத்துக்கு அன்றைக்கு ஒரு சிலையே வைக்கலாம். ஓடிப் போய்ச் சாஸரைத் தூக்கினார்கள். அடியில் சாவி, பில் போலவே ஒழுங்காகப் படுத்திருந்தது. மனைவி அதைப் பறித்துக்கொண்டு மூன்று மாடியையும் மூன்றே தாவலில் இறங்கினாள். அவள் ஆஸ்பத்திரிப் பூட்டைத் திறந்தபோது மணி எட்டு இருபத்தொன்பது. டாக்டர் கடைசிப் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறவளைப் பார்த்தார், "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயந்திரம் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். "இனி ட்ரேயில இது ஏறிச்சோ, உங்க ரெண்டு பேரையும் ஏத்தி ஒளிச்சு வெச்சுடுவேன். எந்த சாஸருக்கு அடியிலன்னு சொல்லவே மாட்டேன்."

அப்போதுதான் குட்டியின் பையைப் பார்த்தாள். தண்ணி பாட்டில் இல்லை. எட்டாவது.

"எங்கடி அது?"

குட்டி கண்ணை மூடினாள். "மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம். பாட்டில் ஹெட்மாஸ்டர் தலையில ஏறி உக்காந்து சீப்பு கேக்குது. பச்சை மூடி, தண்ணி பாதி."

மறுநாள் அது அங்கேயே இருந்தது, பாதித் தண்ணீரோடு. ஹெட்மாஸ்டர் மட்டும்தான் இல்லை.