மூன்றாம் மேசையில் முப்பத்தெட்டு பாகை

கடந்த மார்ச் 11ஆம் தேதியிட்ட குறிப்பாணை எண் 46இன் வழியாக, இயற்பியல் ஆய்வக உதவியாளராகிய என்மீது சாட்டப்பட்ட குற்றம்: "டேஞ்சன்ட் கால்வனாமீட்டரைக் கீழே போட்டு, ஊசியைக் கெடுத்து, எட்டு மாணவியரின் செய்முறைத் தேர்வைப் பாழாக்கியது." இரு வாரங்களில் நான் நிரபராதி என்று நிரூபிக்காவிட்டால் பணிநீக்கம். கல்லூரி மலருக்கு என் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் குடுவை கழுவ இங்கே வந்தேன். பூமியின் காந்தப்புலத்தை அளக்க முடியும் என்பதே வந்த பிறகுதான் தெரியும். வட்டமாகச் சுற்றிய செம்புக் கம்பி, நடுவில் ஒரு காந்த ஊசி: அதுதான் டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். மின்சாரம் இல்லாதபோது பூமி காட்டும் திசையில் ஊசி நிற்கும். மின்சாரம் பாய்ந்தால் விலகும். அந்த விலகலை வைத்துப் பூமியின் பலத்தைக் கணக்கிடலாம். யாரோ மறந்துவிட்டுப் போன கையேட்டிலிருந்து இதைக் கற்றேன். அன்று முதல் தினமும் காலையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரே அளவு மின்சாரம் செலுத்தி, விலகலை நோட்டில் குறித்துவருகிறேன். எப்போதும் நாற்பத்தைந்து பாகைதான். மிஞ்சினால் அரைப் பாகை முன்பின்.

"பூமி என்ன சொல்லாம கொள்ளாம ஓடிடவா போகுது? தினம் அட்டெண்டன்ஸ் எடுக்கறே!" என்று என் அக்கா கேலி செய்வார்.

தேர்வு நாளான மார்ச் 10 அன்று காலை என்னை விடைத்தாள் அடுக்க அனுப்பிவிட்டார்கள். நோட்டில் அந்த ஒரு நாள் மட்டும் வெற்றிடம். அன்றுதான் மூன்றாம் மேசையில் செய்த எட்டுப் பேருக்கும் விடை தவறியது.

குறிப்பாணை கைக்கு வந்த அன்றே அளந்தேன். முப்பத்தெட்டு பாகை. அதே கருவியைத் தூக்கி இரண்டாம் மேசையில் வைத்தேன். நாற்பத்தைந்து! அப்படியானால் கோளாறு கருவியில் இல்லை. மூன்றாம் மேசைக்கு அடியில் குனிந்தேன்: பளபளவென்று இரண்டு புத்தம்புதிய இரும்புப் பட்டைகள்.

மேசைக் கால் ஆடுவதாகவும், இரும்பு காந்த ஊசியை இழுக்கும் என்பதால் பித்தளைப் பட்டை மட்டுமே அடிக்க வேண்டும் என்றும் மார்ச் 9ஆம் தேதி நான் எழுதிய கடிதத்தின் நகல், பண்டகக் காப்பாளரின் கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது. அவரிடமே போய்க் கேட்டேன்.

"பித்தளை ஸ்டாக் இல்லம்மா. அடியில இருக்கறதை யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

"ஊசி பாக்கும்ணே."

துறைத் தலைவரை அழைத்துவந்து இரு மேசைகளிலும் அளந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எப்படிம்மா இது?"

"கீழே பாருங்க சார்."

குனிந்தவர் மேசைக்கு அடியிலிருந்தே, "அடப்பாவிங்களா!" என்றார்.

பட்டைகளைக் கழற்றியதும் ஊசி நாற்பத்தைந்துக்கே வந்தது. எட்டுப் பேரும் மறுதேர்வு எழுதித் தேறினார்கள். வேலை போகாது என்று தெரிந்த அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா, "அப்பாடா, இனிமேலாவது தூங்கு" என்றார்; தூங்கினேன்.

"அந்த மெமோவைக் கிழிச்சுப் போட்டதா நினைச்சுக்கோங்கம்மா" என்றார் துறைத் தலைவர்.

"நினைச்சுக்க முடியாது சார். கிழிச்சதுக்கு ஒரு காகிதம் குடுங்க."

அவர் சிரித்தார், நல்ல மனிதர். ஆனால் குறிப்பாணை எண் 46 இன்றுவரை என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. அது ரத்துசெய்யப்பட்டதென, தேதியும் முத்திரையும் இட்ட எழுத்துப்பூர்வமான பதிலை, இம்மலர் அச்சுக்குப் போகும் முன் எனக்கு வழங்குமாறு கல்லூரி நிர்வாகத்தைக் கோருகிறேன்.