மூன்றாக மடித்த துணி

வீட்டில் அவள் பாப்பா. வயது இருபத்து மூன்று ஆகியும் பாப்பாதான். வேலை பார்க்கும் ஹோட்டலின் சலவைப் பிரிவில் மட்டும் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். மற்றவர்கள் மடித்துவைத்த துண்டுகளைப் பிரித்துப்போட்டு, திரும்ப மூன்றாக மடிப்பாள். ஓரம் உள்ளே போக வேண்டும், நுனி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எழுதப் படிக்க வராது, பத்துக்கு மேல் எண்ண வராது. அதற்கு மருத்துவமனை ஃபைலில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு துணி கோணலாகக் கிடந்தால் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். நாமும் அவளை மேஸ்திரி என்றே கூப்பிடுவோம், பொருத்தமான பெயர் அதுதான்.

சலவைப் பிரிவு இரண்டாவது மாடியில். லிஃப்ட் துணி வண்டிகளுக்கு மட்டும். எடை கூடக் கூட மேஸ்திரிக்கு முழங்கால் வீங்கியது. படியில் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் மேலே போவாள். சூப்பர்வைசர் நல்ல மனிதர். அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மூணு மாசம் பார்ப்போம்மா. அப்பவும் ஏற முடியலேன்னா வீட்டுலயே இருந்துக்க."

மேஸ்திரிக்கு அந்த வேலைதான் உயிர்.

மருத்துவமனையில் டயட்டீஷியன் கறாராகச் சொல்லிவிட்டார். "இவங்க மட்டும் சாப்பாட்டை மாத்தினா நடக்காது. நாலு பேரும் மாத்தணும். இனிப்பு, பொரிச்சது எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. சம்மதம்னா எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

அப்பா போட்டார், அம்மா போட்டாள், அண்ணன் போட்டான். மேஸ்திரி தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தைப் பெரிதாகப் போட்டாள்.

ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஏறியது. ஆளுக்கு ஒரு வரிசை. சொன்னபடி சாப்பிட்டால் பச்சைப் பொட்டு, மீறினால் சிவப்பு. ஒட்டும் பொறுப்பு மேஸ்திரியுடையது. சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்பாள்.

"பச்சையா, சிவப்பா?"

"பச்சை" என்பார் அப்பா. "பச்சைதான்டி" என்பாள் அம்மா. அண்ணன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டை விரலைத் தூக்குவான்.

முதல் சிவப்பு அவளுக்குத்தான் விழுந்தது. சலவைப் பிரிவில் யாருக்கோ பிறந்தநாள். கேக்கில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டாள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. தானே வந்து சிவப்பை ஒட்டினாள், ஒட்டிவிட்டு அழுதாள். மற்ற மூன்று வரிசையும் பச்சைப் பசேல் என்று இருக்க, தன்னுடையதில் மட்டும் கறை. இந்த வீட்டில் தான் ஒருத்திதான் மோசம் என்ற நினைப்போடு அன்று தூங்கப் போனாள். அவளுக்கு ஆறுதல் சொன்ன அம்மாவுக்கு அப்போதாவது நாக்கு கூசியிருக்கலாம்.

வியாழக்கிழமை மாலைகளில் மேஸ்திரிக்கு உடற்பயிற்சி வகுப்பு. கூட வேலை செய்யும் இஸ்திரி அக்கா கூட்டிப்போய் கூட்டி வருவாள். கிளம்புமுன் மேஸ்திரி சமையலறைத் துணியை அலசி, மூன்றாக மடித்துக் கம்பியில் போட்டுவிட்டுப் போவாள். ஒரு வியாழன் திரும்பி வந்தபோது அது இரண்டாக மடிந்து கிடந்தது. சரிசெய்தாள். அடுத்த வியாழனும் இரண்டு. மற்ற நாட்களில் அவள் மடித்தபடி மூன்றாகவே இருந்தது. யாரிடம் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு வியாழன் பயிற்சியாளருக்குக் காய்ச்சல். போன சூட்டோடு திரும்பிவிட்டார்கள். இஸ்திரி அக்கா வாசலோடு போய்விட, மேஸ்திரி உள்ளே வந்தாள். மேசையைச் சுற்றி மூன்று பேர். நடுவில் கேக் பெட்டி, பக்கத்தில் பொரித்த கோழி. அண்ணன் உதட்டில் கிரீம். அம்மா கைக்குக் கிடைத்த சமையலறைத் துணியை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டாள். துணி சின்னது, பெட்டி பெரியது.

"யாரோ குடுத்தாங்க பாப்பா. இன்னிக்கு மட்டும்தான்" என்றார் அப்பா.

"உனக்கு ஆசை வந்துடக் கூடாதுன்னுதான் நீ இல்லாதப்ப சாப்பிட்டோம். உன் நல்லதுக்குத்தானே" என்றாள் அம்மா.

மேஸ்திரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் பொட்டுத்தாளுடன் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"பச்சையா, சிவப்பா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "பச்சை" என்றார்.

கேக்கைக் கூட அவள் மன்னித்திருப்பாள். இந்தப் பச்சையை அவளால் தாங்க முடியவில்லை. மற்ற இருவரிடமும் கேட்கவே இல்லை.

மூன்றாவது மாதக் கடைசியில் மருத்துவமனையில் நாலு பேருக்கும் எடை பார்த்தார்கள். மேஸ்திரி ஐந்து கிலோ குறைந்திருந்தாள். முந்தின நாள்தான் சூப்பர்வைசர் கீழே நின்று பார்க்க, ஒரே ஒரு இடத்தில் மூச்சு வாங்கிவிட்டு இரண்டாவது மாடிவரை ஏறியிருந்தாள். வேலை தப்பியது. மற்ற மூவருக்கும் எடை கூடியிருந்தது. அப்பா ஷூவைக் குறை சொன்னார்.

டயட்டீஷியன் மேஸ்திரியின் எடையை மட்டும் குறித்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அட்டவணையைப் பார்த்தார். "குடும்பமா சேர்ந்து செஞ்சதாலதான் இது முடிஞ்சிருக்கு."

"கஷ்டமாத்தான் இருந்துச்சு மேடம். அவளுக்காக எல்லாத்தையும் விட்டுட்டோம்" என்றாள் அம்மா. "அவளுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது."

"தெரியும்" என்றாள் மேஸ்திரி. "வியாழக்கிழமை. துணி ரெண்டா மடிச்சிருந்துச்சு. எல்லா வியாழக்கிழமையும்."

டயட்டீஷியனுக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய மூன்று பேருக்கும் புரிந்தது. மேஸ்திரி அட்டவணையை வாங்கி, அவர்களுடைய பச்சைகளை நகத்தால் உரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக, கிழியாமல், பொறுமையாக உரித்தாள். அவள் வரிசை மட்டும் மிஞ்சியது, அந்த ஒரு சிவப்போடு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறைத் துணியை அலசிப் பிழிந்தாள். மகள் பார்க்கிறாள் என்று தெரிந்து, அளந்து அளந்து மூன்றாக மடித்தாள்; ஓரம் உள்ளே, நுனி நீட்டாமல். கம்பியில் போட்டுவிட்டு மகள் முகத்தைப் பார்த்தாள்.

சரியாகத்தான் இருந்தது. மேஸ்திரி போய் அதை எடுத்தாள், உதறிப் பிரித்தாள், திரும்பத் தானே மடித்துப் போட்டாள்.