பதினொரு மணிக்கு விலகிய பனி

வடக்கின் குளிர் அலைக்கான ஐந்து நாள் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரன் சாரின் மனைவி கோமதி மாமியின் போன் வந்தது. "சாரதே, மாமா போயிட்டார்" என்றார். பஞ்சாப் முதல் பீகார் வரை பனியை எழுதி முடித்து, குறிப்பை அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். சாரும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

எங்கள் ஆபீஸ் கிழக்கேகோட்டையில் ஒரு மாடி அறை; அவரும் நானுமாக இரண்டே பேர். லாரிக்காரர்களுக்கும் யாத்திரை நடத்துகிறவர்களுக்கும் நாடு முழுவதற்குமான குளிர்கால வானிலையைக் கணித்துக் கொடுப்பது எங்கள் வேலை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, வேர்வையைத் துடைத்துக்கொண்டு உறைபனியைப் பற்றி எழுதுவோம். சார் எர்ணாகுளத்தைத் தாண்டி வடக்கே போனதில்லை. ஆனாலும் காஷ்மீரில் பனிப்பொழிவு என்று எழுதும்போது சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். நான் சிரித்தால் அவருக்குக் கோபம் வராது. "பனி வருமான்னு கேக்கறவாகிட்ட, அது எப்போ விலகும்னு சொல்லணும். அதாக்கும் அவாளுக்கு வேண்டியது" என்பார்.

அவரை அறிந்த உங்களில் பலருக்குப் பழவங்காடிக் கதை தெரியும். காசிக்குக் கிளம்பிய ஒரு கூட்டம் பழவங்காடி கணபதி கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வேனில் ஏறும் நேரத்தில் சார் மூச்சிரைக்க ஓடி வந்தார். முந்தின நாள் தான் சொன்னது தப்பு, ரயில்கள் பனியில் நின்றுவிடும், இரண்டு நாள் கழித்துப் போங்கள் என்றார். ஆளாளுக்குத் திட்டினார்கள். வேனிலிருந்து கடைசிப் பெட்டி இறங்கும்வரை நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அன்று எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. நமக்கு வேண்டியவர்களைப் பார்க்கப் போகும்போது நாமே கணிக்கக் கூடாது, ஆசை கண்ணை மறைத்துவிடும் என்பார் சார். மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன், லக்னோவில் என் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அது ஒரு திங்கட்கிழமை. உடனே கிளம்பட்டுமா என்று சாரிடம் கேட்டேன். அந்த வாரம் வடக்கை அவரே எடுத்துக்கொண்டு, தெற்கை எனக்குத் தந்தார். வரைபடங்களை வெகுநேரம் பார்த்தார். "நாலு நாளைக்குப் பனி மூடல்தான். பிளேன் ஒண்ணும் இறங்காது. வெள்ளிக்கிழமை போ" என்றார். வெள்ளிக்கு டிக்கெட் எடுத்தேன். புதன்கிழமை அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். அவர் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். சாயங்காலம் லட்டு கொண்டுவந்து தந்தார், தின்றேன். வியாழன் காலை அண்ணன் இறந்துவிட்டார்.

தினமும் பதினொரு மணிக்கு நல்ல வெயில் அடித்ததே, ஏன் வரவில்லை என்று அண்ணி கேட்டாள். கணிப்பு தவறிவிட்டது என்றேன். ஊர் திரும்பியபோது சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், மனசு உடைந்துபோயிருக்கிறார் என்று நினைத்து நான்தான் ஆறுதல் சொன்னேன். "பனி யாரையும் ஏமாத்தும் சார்" என்றேன்.

"ஆமா, ஏமாத்தும்" என்றார்.

சாரின் காரியங்கள் முடிந்த மறுநாள், ஸ்ரீவராகத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணிப்பு நோட்டுகளை மாமி என்னிடம் கொடுத்தார். இடப்பக்கம் கணிப்பு; வலப்பக்கம், நாள் கடந்தபின் அவரே போடும் சரி, தப்பு. அந்தத் திங்கட்கிழமையைத் தேடிப் பிடித்தேன்.

"லக்னோ: தினமும் பதினொன்றுக்குள் விலகும்" என்று எழுதியிருந்தது. எதிரே: சரி. அதன் கீழே சின்ன எழுத்தில், "சாரதாவிடம் வெள்ளி என்றேன். புதன் நிச்சயதார்த்தம், ஆபீசுக்கு வேறு ஆள் இல்லை. அவள் அண்ணா வெள்ளி வரை தாங்குவார்." எதிரே: தப்பு.

அவர் என்னிடம் கேட்டிருந்தால் மாற்று வழி யோசித்திருப்பேன். ஒருநாள் அறையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். பொய் சொன்னதைக்கூட என்றாவது பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. என் ஆறுதலை வாங்கிக்கொண்டாரே, அதைப் பொறுக்க முடியவில்லை. யாத்திரைக்காரர்களிடம் நடுத்தெருவில் சொன்ன, 'தப்பு' என்ற அந்தச் சொல்லை என்னிடம் சொல்லவில்லை.

அவர் வேலையை எனக்குக் கற்றுத்தரவில்லை என்று சொல்ல மாட்டேன். பனி எப்போது விலகும் என்றுதான் இன்றும் முதலில் பார்க்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியவர்களுக்கு இனி நானே பார்த்துக்கொள்வேன். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கும். "தப்பு" என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார். அதை என்னிடம் வாயால் சொல்லாமலே மூன்று குளிர்காலம் என் எதிர் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்.